ஊறின அரிசி

என்னைப் பெரியம்மான்னு கூப்பிடாதே. அங்கனயே நில்லு, படியேறாதே. செருப்பை ஏன் கழத்துதே? உள்ள வான்னு சொன்னாத்தானே கழத்தணும்.

விசயத்தைச் சொல்லிட்டே, நானும் கேட்டுக்கிட்டேன். கோமு செத்துப் போயிட்டா. நேத்து ராத்திரி உயிர் போச்சு, இன்னைக்குச் சாயங்காலம் எடுக்கணும். பொறந்த வீட்டுக் கோடி வந்து மேல விழாம பொம்பளைப் பிணத்தை எடுக்கக் கூடாதுன்னு உங்க தெருவுல பெரியவுக சொல்லுதாக. பொறந்த வீட்டுல இப்போ மிஞ்சி இருக்கது நான் ஒருத்திதான். அதனால நான் ஒரு புதுச்சேலையை வாங்கிக்கிட்டு உன் பின்னால பஸ் ஏறி வரணும். இதுதானே? வர மாட்டேன். போயிட்டு வா.

என்ன, இன்னும் நிக்குதே? உங்கம்மா மாதிரியேதான் நிக்குதே. அவளும் இப்படித்தான். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை ஏச மாட்டா, சண்டைக்கு வர மாட்டா, நின்னு பாத்துக்கிட்டே இருப்பா. அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்காது. ஏசிட்டா நாமளும் நாலு ஏச்சு ஏசிட்டுப் போயிரலாம். பாத்துக்கிட்டே இருக்கவளை என்ன செய்ய?

எதுத்த வீட்டுக்காரி கதவைப் பாதி சாத்திக்கிட்டுப் பாக்குதா பாரு. பாரு, நல்லாப் பாரு. அவ மாமியா பஞ்சத்துல என் வாசல்ல சட்டியை ஏந்திக்கிட்டு நின்னவ. நான் வடிச்ச கஞ்சியைக் குடிச்சுட்டு, 'ஆவுடை, நீ நல்லா இருக்கணும்'னு சொல்லிட்டுப் போனவ. இன்னைக்கு அவ பேரன் என்னைக் குடத்துக்காரின்னு கூப்பிடுதான். எதுக்குக் குடத்துக்காரின்னு பேரு வந்துச்சுன்னு அந்தப் பயலுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். உங்கம்மா சொல்லித்தான் வளத்திருப்பா. அக்காக்காரி சாவடியில என்னை என்ன பாடு படுத்தினா தெரியுமான்னு, முப்பது வருசமா சோத்தோட சேத்து ஊட்டிருப்பா. எனக்குத் தெரியாதா? செத்த பிறகும் என்னைக் குத்திக் காட்டணும்னுதான் உன்னை அனுப்பிருக்கா. வந்தது வந்துட்டே, என் பக்கத்தையும் கேட்டுட்டுப் போ. ஒரு பக்கத்தைக் கேட்டுட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

முதல்ல ஒண்ணு. எனக்குத் தங்கச்சியே கிடையாது. எங்கய்யா அவளைத் தலைமுழுகிட்டாரு. தலைமுழுகுததுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? ஏதோ கோவத்துல வாயால சொல்லுத சொல்லுன்னு நினைச்சியா? உங்கம்மா எல்லைக்கு அந்தப் பக்கத்து வண்டிக்காரன் வேலப்பன், அதான் உங்கய்யா, அவன் பின்னால போனா பாரு, போன மூணாம் நாள் எங்கய்யா வீட்டு ஆளுக எல்லாரையும் சிற்றாத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஆம்பளை, பொம்பளை, கைப்பிள்ளை உட்பட எல்லாரும் மூணு முங்கு முங்கினோம். 'இன்னையோட கோமு செத்தா'ன்னு எங்கய்யா சத்தம் போட்டுச் சொன்னாரு. ஈரச் சேலையோட வீட்டுக்கு வந்தோம். எங்கம்மா அவ சட்டி, தட்டு, பாயி எல்லாத்தையும் குப்பையில தூக்கிப் போட்டா. செத்தவுகளுக்குத்தான் அப்படிச் செய்வோம். அதனால உங்கம்மா நேத்துச் சாகலை. எங்களுக்கு அவ செத்து நாப்பது வருசம் ஆச்சு. செத்தவளுக்கு ரெண்டு தடவை கோடி போட எந்த ஊருல வழக்கம் இருக்கு?

அழாதே. அழுதா நான் இரங்கிருவேன்னு நினைக்காதே. நான் எத்தனை அழுகையைப் பாத்தவ தெரியுமா?

இப்போ உங்க ஊரு, எங்க ஊரு எல்லாம் ஒரே சீமையாப் போச்சு. அப்போ உங்க ஊரு ராசா சீமை. எங்க ஊரு வெள்ளைக்காரன் சீமை. நடுவுல ரோட்டுக்குக் குறுக்க ஒரு சங்கிலி, பக்கத்துல ஒரு ஓட்டுக் கட்டடம். மஞ்சப்புளிச் சாவடி. சண்டை வந்து ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சதும் கப்பல்ல வந்த அரிசி நின்னு போச்சு. இங்கன விளைஞ்ச நெல்லை சர்க்கார் அளந்து எடுத்துட்டுப் போச்சு, பட்டாளத்துக்காம். யாரு பட்டாளம், எங்க நடக்குது சண்டை, எங்களுக்கு என்ன தெரியும்? விளைஞ்ச வீட்டுக்காரனே கார்டைத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னான். உங்க சீமையில அதுவும் இல்லை. அங்க விளைச்சலே கம்மி. மரவள்ளிக் கிழங்கும் தீந்து போயி, புளியங்கொட்டையை வறுத்து இடிச்சுத் தின்னு, வயித்தால போயி, ரோட்டோரத்துல விழுந்து கெடந்தாக. இந்தப் பக்கத்து அரிசி ஒரு மணி கூட அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் உத்தரவு போட்டுட்டான். உத்தரவு போட்டது நான் இல்லை, கேட்டுக்கோ. அந்தச் சங்கிலியைக் கட்டினதும் நான் இல்லை.

எங்க வீட்டுக்காரர் ரங்கூன்ல மர மில்லுல வேலையில இருந்தாரு. குண்டு விழுந்ததும் ஆளுக காட்டு வழியா நடந்தே வந்தாக. எங்க ஊருக்கு ஏழு பேரு வந்து சேந்தாக. அவரு வரலை. 'கடைசியா ஒரு ஆத்தங்கரையில பாத்தோம், கால் வீங்கி உக்காந்திருந்தாரு'ன்னாக. அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. தாலியைக் கழத்தவா வேண்டாமான்னு கூடத் தெரியாம ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டு நான் உக்காந்திருந்தேன். மூத்தவனுக்கு ஆறு வயசு, இளையவளுக்கு மூணு. பசின்னு அழுத பிள்ளை பிறகு அழுகையையும் நிறுத்திரும். அது உனக்குத் தெரியாது. அழாத பிள்ளையைப் பாத்தாத்தான் பயமா இருக்கும்.

அப்பத்தான் சாவடியில பொம்பளை ஆளு வேணும்னாக. ஏன்னா, அரிசி கடத்தினதெல்லாம் பொம்பளைகதான். ஆம்பளை மூட்டை தூக்கினா தெரிஞ்சு போயிரும். பொம்பளை துணியில அரிசியைப் பரப்பிக் கட்டி வயித்துல சுத்திக்கிட்டு, மேல சேலையைக் கட்டிக்கிட்டு, ஏழு மாசம் எட்டு மாசம்னு மூச்சு வாங்கிக்கிட்டு நடந்து போவா. ஆம்பளைச் சேவகன் வயித்தைத் தொட முடியுமா? அதனால என்னைப் போட்டாக. சம்பளம் ரொம்பக் கம்மி, ஆனா பிடிச்ச அரிசியில தினம் எனக்கு ஒரு உழக்கு.

முதல்ல நானும் கையாலதான் தடவிப் பாத்தேன். ஒருத்தி கடிச்சு வச்சா, இந்தா, கட்டை விரல்ல தழும்பு இருக்கு. இன்னொருத்தி மண்ணை வாரித் தூத்துனா. அது கூடப் பரவாயில்லை. எந்தச் சாதி, எந்தத் தெரு, ஒண்ணும் பாக்காம நாள் பூரா நூறு பேரைத் தொட்டுட்டு வீட்டுக்கு வந்தா, எங்க மாமியா என்னை அடுப்படிக்குள்ள விட மாட்டா. குளிச்சுட்டு வா, குளிச்சுட்டு வாம்பா. கார்த்திகை மாசக் குளிர்ல தினம் தலைக்குத் தண்ணி ஊத்தி ஊத்தி எனக்குச் சளி பிடிச்சு நெஞ்செல்லாம் கட்டிக்கிட்டு. அந்தக் கஷ்டத்தை யாராவது சொல்லுதாகளா? எல்லாரும் குடத்தை மட்டும் சொல்லுதாக.

ஒரு நாள் மழை. வரிசையில நின்ன ஒருத்தி முழுக்க நனைஞ்சு போனா. மழை விட்டு வெயில் வந்ததும் அவ நெளியுதா, வயித்தைப் பிடிக்குதா, மூச்சு விட முடியாம முழிக்குதா. கடைசியில அவளே சேலையை ஒதுக்கி முடிச்சை அவுத்துட்டா. அரிசி ஊறி உப்பி, கட்டு இறுகிருக்கு! நான் கை வைக்கவே இல்லை. எனக்கு அப்பத்தான் புத்தி வந்துச்சு. மறுநாள் கிணத்தடியில இருந்து ஒரு குடத்தைக் கொண்டாந்து வச்சுக்கிட்டேன். வயிறு பெருசா வாறவ தலையில ஒரு குடம் தண்ணி. வெயில்ல உக்கார வச்சிர வேண்டியது. அரிசி வயிறுன்னா ஒரு மணி நேரம், மிஞ்சினா ரெண்டு மணி நேரம், அவளே அவுத்துக் குடுத்துட்டுப் போவா. பிள்ளை வயிறுன்னா உக்காந்து காஞ்சுட்டுப் போவா. அடி இல்லை, உதை இல்லை, தொடுததும் இல்லை. மத்த சாவடியில பொம்பளைகளை என்ன செஞ்சாகன்னு கேட்டுப் பாரு. நான் தண்ணிதான் ஊத்தினேன்.

ஒரு வெள்ளைக்காரத் துரை காருல வந்தான். வரிசையா நனைஞ்சு உக்காந்திருக்க பொம்பளைகளைப் பாத்துட்டு இது என்னன்னு கேட்டான். சாவடி ரைட்டரு என்னைக் காட்டி என்னமோ இங்கிலீசுல சொன்னாரு. துரை சிரிச்சான். தலையை ஆட்டிக்கிட்டே எனக்கு ஒரு பட்டாளத்துக் கம்பளி குடுத்துட்டுப் போனான். ஊருல எந்தப் பொம்பளைக்கு அந்த மரியாதை கிடைச்சிருக்கு, சொல்லு பாப்போம்.

இன்னொண்ணும் சொல்லுதேன். நனையாத அரிசின்னா அதைச் சர்க்கார் குடோனுக்கு அனுப்பணும். ஊறின அரிசியை அனுப்ப முடியாது, மறுநாளே புளிச்சு நாறிப் போயிரும். அதனால ஊறின அரிசி பூராவும் சாவடி ஆளுகளுக்கு. எனக்கு உழக்குக்குப் பதிலா அரைப்படி, சில நாள் ஒரு படி கூடக் கிடைச்சுது. அதுக்காகத்தான் தண்ணி ஊத்தினேன்னு சொல்லுதாளுக, நாக்கு அழுகிப் போகும். நான் நினைச்சே பாக்கலை. அதுவா அமைஞ்சுது. அந்த அரிசியிலதான் என் பிள்ளைக பொழைச்சுது, எதுத்த வீட்டுக்காரி மாமியா பொழைச்சா, இந்தத் தெருவுல பாதி பொழைச்சுது. ஊறின அரிசி சீக்கிரம் வெந்துரும், விறகும் மிச்சம்.

சரி, உங்கம்மா கதைக்கு வாரேன். அதைக் கேக்கத்தானே வந்திருக்கே.

பங்குனி மாசம். காலையில வெயில் ஏறிக்கிட்டு இருக்கு. வரிசையில இருபது முப்பது பேரு. அதுல ஒருத்தி, கையி குச்சி, காலு குச்சி, கழுத்து எலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. வயிறு மட்டும் முன்னால தள்ளிக்கிட்டு இருக்கு. நீயே சொல்லு. அப்படிப்பட்ட உடம்புக்கு அம்மாம் பெரிய வயிறு வருமா? அந்தப் பஞ்சத்துல எவளுக்கு வயிறு முன்னால வந்துச்சு? வந்த வயிறு பூராவும் அரிசி வயிறுதான். அன்னைக்கு வரைக்கும் ஒரு வயிறு கூட நான் தப்பாச் சொன்னதில்லை.

அவ கிட்ட வந்து 'அக்கா'ன்னா.

ஆறு வருசம் கழிச்சுப் பாக்குதேன். குரலை வச்சுத்தான் தெரிஞ்சுது, மூஞ்சியை வச்சு இல்லை. ரைட்டரு மேசையில இருந்து தலையைத் தூக்கி, 'யாரு, உனக்குத் தெரிஞ்சவளா?'ன்னாரு. அதுக்கு முந்தின மாசம்தான் ஒரு சேவகனை வேலையை விட்டுத் தூக்கினாக, மச்சினன் வண்டியைச் சோதிக்காம விட்டுட்டான்னு. நான் 'தெரியாது'ன்னேன். அது பொய்யின்னு சொல்லுவியா? எங்கய்யா முங்கச் சொல்லி முங்கினேன்ல, அப்போ எனக்கு அவ யாரு? சாமி முன்னால நின்னு கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்லுவேன்.

உங்கம்மா என்னைப் பாத்தா. பைய, ரைட்டருக்குக் கேக்காம, 'அக்கா, இது பிள்ளைதான். ஏழு மாசம். ஒருக்கா கை வச்சுப் பாரு, உருளுது'ன்னா.

கை வச்சுப் பாருன்னா எப்படி வைப்பேன்? நான் யாரு வயித்துலயும் கை வைக்கிறதை விட்டு மூணு மாசம் ஆச்சு. வச்சாலும் அவ வயித்துல வைக்கலாமா? தலைமுழுகினவளைத் தொட்டா முழுகினதுக்கு என்ன அர்த்தம்? எங்கய்யா அப்போ உயிரோட இருந்தாரு. வேற சாதிக்காரன் பிள்ளை அது. தொட்டுட்டு வந்தேன்னு தெரிஞ்சா என்னையும் என் பிள்ளைகளையும் சேத்து முழுகிருப்பாரு. பிறகு நான் எங்க போவேன், ரங்கூனுக்கா?

ஊத்தினேன். எல்லாருக்கும் ஊத்துன மாதிரிதான் ஊத்தினேன். தங்கச்சின்னு கூட ஒரு சொட்டு ஊத்தலை, குறையவும் ஊத்தலை. அவ சத்தமே போடலை. போயி வெயில்ல மத்தவளுகளோட உக்காந்தா.

ஒவ்வொருத்தியா அவுத்துக் குடுத்துட்டுப் போனாளுக. உச்சி வெயில் வந்துருச்சு. இவ மட்டும் அவுக்கலை. சேலை காஞ்சு போச்சு. ரைட்டரு, 'என்ன ஆவுடை, உன் குடம் இவகிட்டப் பலிக்கலியே'ன்னு கேலி பண்ணுதாரு. சேவகனுக சிரிக்கானுக. எனக்குக் கோவம் வந்துச்சு. எப்படி இறுக்கிக் கட்டிருக்கா பாரு, என் பேரைக் கெடுக்கணும்னே வந்திருக்கான்னு தோணுச்சு. இன்னொரு குடம் ஊத்தினேன். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. மூணு குடம். நாலாவதும் ஊத்திருப்பேன், கிணத்துல தண்ணி கீழ போயிட்டு.

அவ என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. 'கை வச்சுப் பாருக்கா'ன்னு இன்னொரு தடவை சொன்னா. அதுக்குப் பிறகு அதையும் சொல்லலை. ஏசிருந்தா விட்டுருப்பேன். சத்தியமாச் சொல்லுதேன், ரெண்டு வார்த்தை ஏசிருந்தா, 'போடி நாயே'ன்னு சங்கிலியைத் தூக்கி விட்டுருப்பேன். அவ பாத்துக்கிட்டே இருந்தா நான் என்ன செய்ய?

சாயங்காலம் வெயில் சாயும்போது வலி எடுத்துட்டு. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு கிழவி, எந்த ஊருக்காரியோ, எந்தச் சாதியோ, அவ கை வச்சுப் பாத்தா. வச்சதும், 'அடப்பாவிகளா, பிள்ளை இறங்குதுடா!'ன்னு கத்துனா. ஒரு நொடிதான் வச்சா. ஒரு நொடியில கண்டுபிடிச்சுட்டா.

நாலு பொம்பளைக சேலையைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டாக. சாவடிக்குப் பின்னால வேலியோரத்துலதான் பொறந்துச்சு. பொட்டைப் பிள்ளை. அழலை. கிழவி தலைகீழாப் பிடிச்சுத் தட்டிப் பாத்தா, வாயில ஊதிப் பாத்தா. அழவே இல்லை.

நான் தள்ளித்தான் நின்னேன். கிட்டப் போகலை.

ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. இதை உங்கம்மா உன்கிட்டச் சொல்லிருக்க மாட்டா. அந்தக் கிழவி சேலையை மாத்தும்போது உங்கம்மா இடுப்பு முடிச்சுல இருந்து அரிசி விழுந்துச்சு. ஆமா. அரிசி! ரெண்டு கை அரிசி, அரை உழக்கு இருக்கும், முந்தியில முடிஞ்சு இடுப்புல சொருகிருக்கா. ரைட்டரே வந்து பாத்து எழுதிக்கிட்டாரு. நான் கை நாட்டு வச்சேன். அப்போ நான் சந்தேகப்பட்டது பொய்யா? அரிசி இருந்துச்சா இல்லையா? பிள்ளையும் இருந்துச்சு, அரிசியும் இருந்துச்சு. நான் பிள்ளைக்குத் தண்ணி ஊத்தலை, அரிசிக்குத்தான் ஊத்தினேன். இதை எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் சொல்லுவேன்.

உங்கய்யா வண்டியைப் பூட்டிக்கிட்டு வந்தான். உங்கம்மாவைத் தூக்கி வைக்கோல்ல படுக்கப் போட்டான். பிள்ளையைத் துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டு ஓட்டிட்டுப் போயிட்டான். நான் மறுநாள் வேலைக்குப் போனேன். ஒரு நாள் கூட நிக்கலை. நின்னா உழக்கு போயிரும். சண்டை முடிஞ்சும் கூட அந்தச் சாவடி இருந்துச்சு. அது இருந்த வரைக்கும் நானும் இருந்தேன், குடமும் இருந்துச்சு.

என்னட்டி அப்படிப் பாக்குதே?

அந்த அரிசியா? அந்த அரை உழக்கு அரிசியை என்ன செஞ்சேன்னு கேக்குதியா? கேக்கலியா? கேக்காட்டியும் சொல்லுதேன். நாளெல்லாம் ஊறின அரிசி, குடோனுக்கு அனுப்ப முடியுமா? அன்னைக்கு என் பங்கு அதுதான். வீட்டுக்குக் கொண்டாந்தேன். கொதிக்கிற தண்ணியில போட்டேன், ரெண்டு கொதியில வெந்து போச்சு. ரெண்டு பிள்ளைகளும் குடிச்சுது. மிச்சத்தை நான் வழிச்சுக் குடிச்சேன். இறங்காதுன்னுதான் நினைச்சேன். நல்லா இறங்குச்சு. பசின்னா அப்படித்தான் இருக்கும். ருசியா இருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்த மாதிரி ருசியா நான் ஒண்ணும் சாப்பிட்டதில்லை. போதுமா? இதையும் கொண்டு போயி உங்கம்மா காதுல சொல்லு.

ஏன் வாயைப் பொத்திக்கிட்டு நிக்குதே? புதுசாக் கேக்குத மாதிரி நிக்குதே?

என்ன?

உங்கம்மா என்ன சொன்னா? சத்தமாச் சொல்லு, எனக்குக் காது மந்தம்.

தண்ணி குடுத்தேனா? நானா? பஞ்சத்துல ரோட்டுல மயங்கி விழப் போனவளை அக்கா நெழல்ல உக்கார வச்சு, குடம் குடமாத் தண்ணி குடுத்துக் காப்பாத்தினான்னா சொன்னா? உன்கிட்டயா சொன்னா? முப்பது வருசமாவா? உனக்கு முன்னால ஒரு அக்கா பொறந்துச்சு, காய்ச்சல்ல போயிட்டுன்னும் சொன்னாளா? யாரு, அந்தப் பிள்ளையையா? காய்ச்சல்னா சொல்லிருக்கா?

கிறுக்கி. ஏன் அப்படிச் சொன்னா? அப்படிச் சொல்லச் சொல்லி நான் ஆள் அனுப்பினேனா? யாரு கேட்டா அவகிட்ட? பொறந்த வீட்டுல ஒரு நாதி இல்லைன்னு பிள்ளை நினைச்சிரக் கூடாதுன்னு சொன்னாளா? இல்லை, என் பேரு கெட்டுறக் கூடாதுன்னா? உனக்குத் தெரியாதா? நிசமாவே உனக்கு ஒண்ணும் தெரியாதா?

அப்போ, நான்தான் சொல்லிட்டேனா.

நீ நல்லபடியா நினைச்சுக்கிட்டு வந்தவ. பெரியம்மா, பெரியம்மான்னு வந்தவ. எல்லாத்தையும் நானே உன் மடியில கொட்டிட்டேன். நான் என்னத்தைக் கண்டேன்? உனக்குத் தெரியும்னு நினைச்சேன். தெரிஞ்சுதான் நீ வந்திருக்கேன்னு நினைச்சுத்தானே பேசினேன். ஏட்டி, நிமிந்து பாரு. அவ மூஞ்சிக்கு நேரா நின்னு நான் ஒரு நாள் கூடப் பேசலை. நீ அவ மாதிரி நின்னியா, வாய் வந்துட்டு.

என்ன? பையை ஏன் எடுக்குதே? என்ன சொன்னே இப்போ?

நான் வர வேண்டாமா?

வர வேண்டாம்னு சொல்ல நீ யாரு? நேத்துப் பொறந்த கழுதை. நான் அவ கூடப் பொறந்தவ. எங்கம்மா வேலைக்குப் போனா அவளை இடுப்புல தூக்கிக்கிட்டு அலைஞ்சவ நான். அவளுக்கு முதல்ல நடக்கப் பழக்கினது நான். கோடி போட எனக்கு உரிமை இல்லையா? உங்க தெருக்காரன் தடுத்துருவானா? தடுக்கட்டும் பாப்போம். பொறந்த வீட்டுக் கோடி இல்லாம எப்படி எடுப்பீக? அனாதைப் பிணமா அவ? அக்கா நான் ஒருத்தி கல்லு மாதிரி இருக்கேன், அவ அனாதையா?

ஏட்டி, நில்லு. நில்லுன்னா நில்லு. வெயில்ல போகாதே, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. கடைத்தெரு வழியாப் போவோம், ஒரு சேலை எடுத்துக்கிடுதேன். அவளுக்கு என்ன கலரு பிடிக்கும்? சின்னதுல பச்சைம்பா. இப்பவும் பச்சைதானா? சொல்லிட்டுப் போட்டி. உங்கம்மா தலையில ஒருக்கா கை வச்சுட்டுத் திரும்பிருவேன், உன் வீட்டுல பச்சைத்தண்ணி குடிக்க மாட்டேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

எதுத்த வீட்டுக்காரி, அவளைப் பிடி. உன்னைத்தான், அந்தப் பிள்ளையைப் பிடி, என்னால ஓட முடியலை.

ஏட்டி! எந்தத் தெரு? எந்த வீடுன்னாவது சொல்லிட்டுப் போ!